வாசல் சோதனை வந்த கதை

பள்ளிப்பட்டு மக்களுக்குச் செக்போஸ்ட் புதிதல்ல. 1960 மார்ச் வரை இந்த ஊர் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று, படாஸ்கர் பரிந்துரையின்படி, திருத்தணியோடு சேர்ந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. மாநில எல்லை ஊருக்குப் பக்கத்திலேயே அமைந்தது. எல்லை என்றால் லாரியை நிறுத்துவதும், பில்லைக் கேட்பதும், தார்ப்பாயை அவிழ்க்கச் சொல்வதும் உண்டுதானே.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டன. ஆனால் வேறொரு சோதனை பெருகிவிட்டது. கம்பெனி கேட், மால், நட்சத்திர ஓட்டல், சினிமா தியேட்டர் என எங்கு போனாலும் பையைத் திற, டிக்கியைத் திற என்கிறார்கள். சாவடியில் நின்ற அதிகாரிக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. தனியார் வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது?

முதலில் சோதித்தது வெளியே போகிறவரை

இந்தப் பழக்கம் பெரிய அளவில் வளர்ந்த இடங்களில் ஒன்று தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கம். 1883ல் அங்கே தொழிலாளரின் உடைகளைக் களைந்து சோதிக்கத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரத் தொழிலாளரையும் இதில் சேர்த்தபோது அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1884ல் நடந்த மோதலில் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன் பிறகு வெள்ளையர் மீதான சோதனை தளர்ந்தது. கறுப்பினத் தொழிலாளருக்கோ அது இன்னும் கடுமையானது. 1885 முதல் ஒப்பந்தக் காலம் முழுவதும் அவர்களை வேலி போட்ட குடியிருப்புக்குள்ளேயே அடைத்து வைத்தார்கள். யார் மீது சந்தேகம் விழுகிறது என்பதைப் பொருளின் மதிப்பு மட்டும் முடிவு செய்யவில்லை, ஆளின் நிறமும் முடிவு செய்தது.

நம் பக்கத்தில் இதற்கு இணையானது கோலார் தங்கவயல். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி நடத்திய இந்தச் சுரங்கங்களில் பெரும்பான்மையான தொழிலாளர்கள் தமிழர்கள். வட ஆற்காடு, சித்தூர் பகுதிகளிலிருந்து சென்ற தலித் மக்கள் அவர்களில் அதிகம். சுரங்கத்திலிருந்து மேலே வருகிறவரைத் தங்கத் திருட்டுச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். 1930ல் எல்லாத் தொழிலாளரும் கைரேகை பதிய வேண்டும் என்று நிர்வாகம் உத்தரவிட்டது. கைரேகை எடுப்பது குற்றவாளிக்குத்தானே, எங்களுக்கு எதற்கு என்று ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது கூலிப் பிரச்சினை மட்டுமல்ல, மானப் பிரச்சினையும்தான்.

எழுதி வைத்த விதி

1946ல் தொழில் வேலைவாய்ப்பு (நிலையாணைகள்) சட்டம் வந்தது. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகள் தங்கள் விதிகளை எழுத்தில் வைக்க வேண்டும் என்றது. எழுத வேண்டியவற்றின் பட்டியலில், குறிப்பிட்ட கேட் வழியாகத்தான் வர வேண்டும் என்பதும் சோதனைக்கு உட்பட வேண்டும் என்பதும் ஒரே வரியில் இடம்பெற்றன. சட்டம் சோதனையை நிறுத்தவில்லை. ஆனால் சங்கத்தின் கருத்தைக் கேட்டு, அதிகாரி சான்றளித்த பிறகே விதி செல்லும் என்றாக்கியது. 2025 நவம்பர் 21 அன்று தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்தபோது இந்தச் சட்டம் விலகியது. இப்போது நிலையாணை கட்டாயம் என்பது 300 பேர் உள்ள நிறுவனங்களிலிருந்துதான்.

பிறகு உள்ளே வருகிறவரையும்

1993 மார்ச் 12 மும்பைக் குண்டுவெடிப்பு, 1998 பிப்ரவரி 14 கோவைக் குண்டுவெடிப்பு ஆகியவற்றுக்குப் பிறகு நிலைமை மாறியது. கோவையில் மட்டும் 58 பேர் இறந்தார்கள். என்ன எடுத்துப் போகிறாய் என்ற கேள்வியோடு என்ன கொண்டு வருகிறாய் என்ற கேள்வியும் சேர்ந்தது. 2008 செப்டம்பரில் இஸ்லாமாபாத் மாரியட் ஓட்டல் வாசல் தடுப்பில் நிறுத்தப்பட்ட லாரி அங்கேயே வெடித்தது, 50க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். இரண்டே மாதத்தில் மும்பை தாஜ் ஓட்டல் தாக்கப்பட்டது. காருக்கு அடியில் கண்ணாடியை நீட்டிப் பார்ப்பது இங்கும் சாதாரணமாகிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆளைச் சோதிக்கும் அதிகாரத்தை, 2024 ஜூன் வரை அமலில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் போலீசுக்குத்தான் தந்தது. கைதான பெண்ணைச் சோதிப்பதானால் பெண்தான் சோதிக்க வேண்டும் என்றது. 2005ல் வந்த தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம் செக்யூரிட்டி நிறுவனங்களுக்கு லைசென்சும் காவலர்களுக்குப் பயிற்சியும் கட்டாயமாக்கியது. போலீஸ் அதிகாரத்தை அவர்களுக்குத் தரவில்லை. அவர்களிடம் இருப்பது இடத்துக்குச் சொந்தக்காரரின் உரிமை மட்டுமே. அதாவது, சம்மதித்தால் உள்ளே விடலாம், மறுத்தால் திருப்பி அனுப்பலாம், பலவந்தமாகக் கை வைக்க முடியாது.

ஆக, எல்லாமே சம்மதத்தில் நிற்கிறது. மாலுக்கு வந்தவர் பிடிக்கவில்லை என்றால் வேறு கடைக்குப் போகலாம். ஷிப்டுக்கு வந்தவர் திரும்பினால் அன்றைய சம்பளம் போய்விடும். அவருடைய சம்மதம் பாதிதான் சம்மதம். அதனால்தான் அவருக்கு எழுதி வைத்த விதி தேவைப்பட்டது. சோதனை வேண்டாம் என்று இன்று யாரும் சொல்ல முடியாது. யார், எதை, எப்படிச் சோதிக்கலாம் என்பதைச் சோதனைக்கு நிற்பவரும் படிக்கும்படி அதே வாசலில் எழுதி ஒட்ட வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.