மின்மினியும் வண்ணத்துப்பூச்சியும்

புதுச்சேரிக்குத் தெற்கே பூரணாங்குப்பம் போன்ற சிற்றூர்களில் வாழ்வோருக்கு மின்மினியும் வண்ணத்துப்பூச்சியும் புதியவை அல்ல. ஒன்று இரவில் மின்னுகிறது. மற்றது பகலில் பளபளக்கிறது. இவற்றின் ஒளி எங்கிருந்து வருகிறது? இக்கேள்விக்கு ஒரு விடையை வேதியியலும், மற்றொன்றை இயற்பியலும் தந்தன.

1885இல் பிரெஞ்சு அறிஞர் ரஃபேல் துய்புவா, ஒளிவிடும் வண்டின் உறுப்பை அரைத்துக் குளிர்ந்த நீரில் கலந்தார். சிறிது நேரம் ஒளிர்ந்து அணைந்தது. வெந்நீரில் கலந்தது ஒளிரவேயில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்ததும் மீண்டும் ஒளி பிறந்தது! எரியும் பொருள் ஒன்று, அதைத் தூண்டும் நொதி மற்றொன்று. இவற்றுக்கு லூசிபெரின், லூசிபெரேஸ் என்று பின்னர் அவரே பெயரிட்டார். உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்னும் பொருளும் மின்மினியின் ஒளிக்குத் தேவை என்று 1947இல் அமெரிக்காவின் மக்கெல்ராய் காட்டினார்.

மற்ற விடை மயிலிறகிலிருந்து தொடங்கியது. இறகை நீரில் நனைத்தால் அதன் வண்ணங்கள் மறைவதை ராபர்ட் ஹூக் 1665இல் எழுதினார். சாயமாக இருந்தால் மறையுமா? 1942இல் எலக்ட்ரான் நுண்ணோக்கி, மார்ஃபோ என்னும் நீல வண்ணத்துப்பூச்சியின் செதில்களில் அடுக்கடுக்கான மெல்லிய தகடுகளைக் காட்டியது. அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு நீலத்தை மட்டும் வலுப்படுத்துகின்றன. சோப்புக் குமிழியின் வண்ணங்களும் இத்தகையவையே.

நம் தென்னிந்தியாவில் காணப்படும் ஹைப்போலிம்னஸ் போலினா என்னும் இனத்தைப் பாருங்கள். ஆணின் கருஞ்சிறகில் வெண்புள்ளிகளைச் சுற்றி நீல ஊதா மினுக்கம் உண்டு. சிறகு சாய்ந்தால் அது மறையும். பளபளப்பு மிகுந்த ஆண்களையே பெண்கள் விரும்புவதாக 2007இல் வெளியான ஆய்வு காட்டியது.

மின்மினியின் ஒளிக்கும் பயன் அதுவே. ஃபோட்டினஸ் பைராலிஸ் என்னும் அமெரிக்க மின்மினியில், ஆண் மின்னியபின் ஏறத்தாழ 2 வினாடி கழித்துப் புல்லிலிருக்கும் பெண் பதிலுக்கு மின்னும். இந்த இடைவெளியே அவற்றின் அடையாளச் சொல் என்பதை ஜான் பக் 1930களில் விளக்கினார்.

வண்ணத்துப்பூச்சி கதிரவனிடம் ஒளியைக் கடன் வாங்குகிறது. வெளிச்சம் கூடினால் அதற்கு நன்மையே. மின்மினியோ தன் சொந்த ஒளியில் பேசுவதற்கு இருளை நம்பியிருக்கிறது. தெருவிளக்கின் வெளிச்சத்தில் அந்தப் பேச்சு கேட்காமற் போகிறது. வேண்டாத விளக்கை அணைப்பது மின்சாரத்தை மட்டுமா சேமிக்கும்?