இரண்டு குட்டை முளைகள்

1959 ஜனவரியில் நியூயார்க் படகுக் கண்காட்சியில் சுவீடனின் வால்வோ பென்டா நிறுவனம் ‘அக்வாமேட்டிக்’ என்ற பெயரில் 80 குதிரைத்திறன் கொண்ட ஒரு பொறியமைப்பைக் காட்சிக்கு வைத்தது. எஞ்சின் படகின் உள்ளே அமரத்துப் பலகையை ஒட்டி உட்கார்ந்திருக்கும். பலகைக்கு வெளியே தண்ணீரில் ஒரு கால் தொங்கும். அந்தக் காலின் நுனியில் சுழலி. தனியாகச் சுக்கான் கிடையாது; காலையே இடமும் வலமும் திருப்பிப் படகை ஓட்ட வேண்டும். ஸ்டெர்ன் டிரைவ் என்று பின்னர் பெயர் பெற்ற இந்த அமைப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள், அதை முதலில் யோசித்தவர் யார் என்ற வழக்கிலேயே நின்றுவிடுகிறார்கள். என் அக்கறை வேறு. பழைய ஸ்டெர்ன் டிரைவ் படகுகளில் வீலைத் திருப்பினால் கால் உடனே திரும்பாமல் ‘ஆட்டம்’ கொடுக்கிறதே, அதைப் பராமரிப்புக் குறை என்றோ வயதின் கோளாறு என்றோ மட்டும் சொல்லிவிட முடியாது. கருவியின் பிறப்பிலேயே எடுக்கப்பட்ட ஒரு முடிவுக்கு அது விலை.

வழக்கின் கதை சுருக்கமானது. அமெரிக்காவின் மெர்க்குரி எஞ்சின்களை உருவாக்கிய கார்ல் கீக்ஹாஃபரிடம் பணியாற்றியவர் சார்லி ஸ்ட்ராங். அவர் 1940களின் இறுதியிலேயே இந்த யோசனையைக் கொண்டுபோனார்; கீக்ஹாஃபர் ஏற்கவில்லை. அதே நிறுவனத்திலிருந்து 1958இல் விலகிய ஜிம் வின், அதை வால்வோ பென்டாவின் ஹரால்ட் விக்லுண்டிடம் சேர்த்தார். 1961இல் மெர்க்குரியும் ‘மெர்க்ரூசர்’ என்று தன்னுடையதைக் கொண்டுவந்தது. பிறகு காப்புரிமைச் சண்டை நீண்ட காலம் நடந்தது. எஞ்சினையும் காலையும் சேர்க்கலாம் என்ற எண்ணத்துக்கு உரிமை கொண்டாடியே அவ்வளவு மையும் செலவானது. சேர்த்த இடம் என்ன பாடுபடும் என்பதைப் பிற்காலத்துப் பட்டறைகள்தான் பேச வேண்டியிருந்தது.

அந்த இடத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அமரத்தில் வெளியே மாட்டும் அவுட்போர்டும் சுழலியைத் திருப்பித்தான் படகை ஓட்டுகிறது. ஆனால் அதில் எஞ்சின், தண்டு, சுழலி எல்லாம் ஒன்றாகத் திரும்புகின்றன. நம் கரையோர ஃபைபர் படகுகளில் நீண்ட தண்டோடு இருக்கும் டீசல் எஞ்சினும் அப்படித்தான். திருப்பும் அச்சுக்குக் குறுக்கே எதுவும் போவதில்லை என்பதால், அவுட்போர்டின் அச்சு மேலிருந்து கீழ்வரை ஒரே நீளக் குழலாக இருக்க முடிகிறது. ஸ்டெர்ன் டிரைவில் எஞ்சின் அசையாது. கால் மட்டும் திரும்ப வேண்டும். எனவே எஞ்சினின் சுழற்சி, லாரியின் புரொப்பல்லர் ஷாஃப்டில் இருப்பது போன்ற ஒரு யூனிவர்சல் ஜாயின்ட் வழியாக மடங்கிக் காலுக்குப் போகிறது. மடங்கும் புள்ளியும் திருப்பும் அச்சும் ஒரே கோட்டில் இருந்தால்தான் தண்டு இழுபடாது. அடியில் ஏதாவது தட்டினால் கால் மேலே தூக்கிக்கொள்வதற்கான கிடை அச்சும் அங்கேதான் இருந்தாக வேண்டும். ஆக, திருப்பும் அச்சாக நீள முளை ஒன்று ஊடுருவிச் செல்ல வேண்டிய நடுப்பகுதியை ஜாயின்ட் பிடித்துக்கொண்டது. முளை இரண்டாக ஒடிந்து, மேலே ஒன்று, கீழே ஒன்று என்று குட்டையாகிவிட்டது.

1970, 80களின் மெர்க்ரூசர் படகுகளில் இந்தப் பங்கீடு எவ்வளவு ஏற்றத்தாழ்வானது என்பது தெளிவாகத் தெரியும். காலைத் தாங்கும் அலுமினிய வளையத்துக்குக் கிம்பல் வளையம் என்று பெயர். கீழ் முளை அதைத் தாங்குவதோடு சரி. மேல் முளை தாங்குவதோடு திருப்பவும் வேண்டும். படகுக்குள்ளே அதன் தலையில் திருப்புநெம்பு பூட்டியிருக்கும். வெளியே அதன் உடலின் சதுரப் பகுதி வளையத்தின் சதுர ஓட்டையில் இறுகியிருக்கும். வீலிலிருந்து வரும் விசை முழுவதும் அந்தச் சிறு சதுரத்தைக் கடந்தே காலுக்குப் போக வேண்டும். ஒரு பக்கம் எஃகு, மறு பக்கம் மென்மையான அலுமினியம். உப்புத்தண்ணீரில் இவை சேர்ந்திருந்தால் அரிப்பும் தொடங்கும். முளை ஈரத்திலிருந்து உலர்ந்த பக்கத்துக்குப் போகிறது என்பதால் அதைச் சுற்றி ஒரு சீலும் வேண்டும். சீல் போனால் தண்ணீர் முளை வழியே இறங்கி நெம்பைத் துருப்பிடிக்க வைக்கும். உள்ளே தெரியும் அந்தத் துருக்கோடு, ஆட்டம் வருவதற்கு முன்பே வரும் எச்சரிக்கை.

சதுரம் உருண்டையாகத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். சுழலி அச்சிலிருந்து 45 சென்டிமீட்டர் பின்னால் இருப்பதாகக் கொண்டால், முளையில் ஒரு டிகிரி தளர்வு சுழலியில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் ஆகிறது. 80 குதிரைத்திறனுக்கு இது பொறுக்கக்கூடியதாக இருந்திருக்கலாம். ஆனால் பத்தாண்டுகளுக்குள் அமெரிக்கப் படகுகளில் 200 குதிரைத்திறனைத் தாண்டிய வி-8 எஞ்சின்கள் இதே வகை இணைப்புக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தன.

உரிய காலத்தில் கிரீஸ் வைத்திருந்தால் இது நடந்திருக்காது என்பார்கள். முளை சுழலும் தாங்கிகளைப் பொறுத்தவரை அது உண்மை. கிரீஸ் காணாத புஷ்கள் சீக்கிரம் தேய்கின்றன. ஆனால் சதுரம் சுழலும் இடமல்ல, இறுகியிருக்க வேண்டிய இடம். இறுக்கம் விட்டபின் ஒவ்வொரு திருப்பமும் ஒரு சம்மட்டி அடி. அங்கே கிரீஸ் எதையும் காப்பாற்றாது. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. சுக்கான் இல்லாத, அடி வி-வடிவிலான படகு மெதுவாகப் போகும்போது புதிதாக இருந்தாலும் அலையத்தானே செய்யும், அதை வைத்து முளையைக் குற்றம் சொல்லலாமா? சொல்லக் கூடாது. எத்தனையோ நல்ல முளைகள் இந்தக் குழப்பத்தால் வீணாகக் கழற்றப்பட்டிருக்கும். எஞ்சினை நிறுத்தி, வீலை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் காலைக் கையால் தள்ளிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. வளையம் அசைந்து உள்ளே நெம்பு அசையாமல் இருந்தால் குற்றவாளி சதுரம்தான். நெம்பும் சேர்ந்து அசைந்தால் கேபிளையும் அதன் பிடிப்பையும் பார்க்க வேண்டும்.

பழுது பார்க்கும் வழியிலும் அந்த 1959இன் நிழல் தொடர்கிறது. மேல் முளையின் நட்டு, எஞ்சினுக்கும் அமரப் பலகைக்கும் இடையிலுள்ள இடுக்கில் இருக்கிறது. முறைப்படி செய்தால் எஞ்சினையே தூக்க வேண்டும். கைப்பிடிக்குள் அடங்கும் முளைக்காக முழு எஞ்சினை இறக்குவது! பட்டறைக்காரர்கள் வேறு வழி கண்டார்கள். வெளியிலிருந்து, வளையத்தைத் தாங்கும் உறைவார்ப்பின் மேற்பகுதியில் ஓட்டை போட்டு, அதன் வழியாக நெம்பை விடுவித்து, வேலை முடிந்ததும் மரையிட்ட மூடியால் அடைத்தார்கள். அதற்கான மூடிகள் தனிப் பொருளாகவே விற்பனைக்கு வந்தன. தொழிற்சாலை வார்ப்பை வெட்டலாமா என்று தயங்குவோர் உண்டு. அவசரமாகப் போட்ட ஓட்டை கெடுதல் செய்யும் என்பதால் அந்தத் தயக்கத்தை மதிக்கிறேன். ஆனால் எஞ்சினைத் தூக்கினால் திரும்ப வைக்கும்போது அதன் தண்டைக் காலோடு மறுபடி நேர்ப்படுத்தியாக வேண்டும். அது பிசகினால் இணைப்பு வேறு தேயும். கவனமாகப் போட்ட ஓட்டையே குறைந்த ஆபத்து என்பது என் கணிப்பு. எந்த வழியில் போனாலும், உருண்டுபோன சதுர ஓட்டையில் புது முளையை மட்டும் செருகுவது பயனற்றது. வளையத்தையும் சேர்த்து மாற்றாவிட்டால் ஆட்டம் திரும்ப வந்துவிடும்.

2005இல் வால்வோ பென்டா ஐ.பி.எஸ். என்ற புது அமைப்பைக் கொண்டுவந்தது. அதில் கால் படகின் அடியில் நிற்கிறது. சுழற்சியைக் கீழே இறக்கும் செங்குத்துத் தண்டைச் சுற்றியே திரும்புகிறது. திருப்பும் அச்சின் நடுவில் மடங்கும் ஜாயின்ட் இல்லை.