நன்கொடையும் நிபந்தனையும்: இலங்கையில் அரசாங்கப் பணமும் பாடசாலைகளும்

கல்விக்கு அரசாங்கம் பொருளுதவி செய்தல் வேண்டும் என்பது இன்று எவரும் மறுக்காத கொள்கை. ஆயின், அப்பொருள் எந்த நிபந்தனையின் மேல், யார் கையில், எந்தக் கணக்கின்படி சேர்கின்றது என்பதே ஒரு நாட்டின் கல்வியினது போக்கைத் தீர்மானிக்கும் வினாவாகும். இலங்கையில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் பாடசாலைகளின் பெருக்கத்தையும் தேக்கத்தையும் நிர்ணயித்தது, ஆய்ந்து வகுத்த தேசியத் திட்டமன்று. உதவி நன்கொடை விதிகளே. எந்த ஊரில் பாடசாலை எழும், எந்தச் சமயத்தார் அதை நடத்துவர், எந்தப் பிள்ளை எந்த வாங்கில் அமர்வான் என்பனவெல்லாம் அவ்விதிகளின் சில வரிகளிலே அடங்கிக் கிடந்தன. ஆகவே இலங்கைக் கல்வி வரலாற்றை அறிய விரும்புவோர் சட்டசபைப் பேச்சுக்களுக்கு முன்னர் நன்கொடை விதிகளைக் கற்பது பயனுடையது.

தொடக்க நிலை

ஒல்லாந்தர் காலத்தில் கோயிற்பற்றுப் பாடசாலைகள் அரசினதும் திருச்சபையினதும் கருவிகளாய் இயங்கின. அப்பாடசாலைகளின் உபாத்தியாயரே ஞானஸ்நானம், விவாகம் ஆகியவற்றையும் பதிந்துவந்தனர். ஆங்கிலேய ஆட்சியின் முதற் தேசாதிபதியாகிய நோர்த் இப்பாடசாலைகளுக்குப் புத்துயிரளிக்க முயன்றார். எனினும் 1803-ஆம் ஆண்டில் கல்விச் செலவைச் சுருக்குமாறு இலண்டனிலிருந்து கட்டளை வரவே அம்முயற்சி தளர்ந்தது. அரசாங்கம் விட்ட இடத்தை மிஷனரிமார் நிரப்பினர். வெஸ்லியன் மிஷன் 1814-ஆம் ஆண்டிலும், அமெரிக்க மிஷன் 1816-ஆம் ஆண்டிலும், திருச்சபை மிஷன் 1818-ஆம் ஆண்டிலும் தத்தம் பணியைத் தொடங்கின. அமெரிக்க மிஷனார் 1823-ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி அக்காலத்தில் உயர்கல்வி வழங்கிய நிலையங்களுள் தலைசிறந்ததாய் விளங்கிற்று.

கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபார்சுகளை ஒட்டி 1834-ஆம் ஆண்டில் பாடசாலை ஆணைக்குழுவொன்று நியமிக்கப்பெற்றது. ஆங்கிலக் கல்வியே அதன் முதற் கவலை. சுயபாஷைக் கல்வி பின்னிலைப்பட்டது. 1841-ஆம் ஆண்டில் அதனிடத்தில் மத்திய பாடசாலை ஆணைக்குழு தோன்றிற்று. மிஷன் பாடசாலைகளுக்கும் அரசாங்கப் பணம் வழங்கும் வழி அதனால் திறந்தது. ஆயின் அவ்வழி கிறிஸ்தவ நிலையங்களுக்கே திறந்திருந்தது என்பது நடைமுறையில் விரைவிற் புலனாயிற்று.

ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியது 1848-ஆம் ஆண்டில். அப்பாடசாலை அரசாங்க நன்கொடை பெற்றதோ 1870-ஆம் ஆண்டில். இடைப்பட்ட இருபத்திரண்டு ஆண்டுகளும் அது ஊரவர் உதவியினாலும் நிறுவியவரின் உறுதியினாலுமே நிலைபெற்றது. திறைசேரியில் இருந்த பணம் சைவ மக்களும் செலுத்திய வரிப்பணமே. ஆயினும் அவர்தம் பிள்ளைகள் தம் சமயச் சூழலிற் பயில்வதற்கு அதில் ஒரு காசேனும் கிட்டவில்லை. வரி கொடுத்தவனே மீண்டும் தருமமும் கொடுத்துத் தன் பிள்ளையைப் படிப்பிக்க வேண்டியிருந்த இந்நிலையே பிற்காலச் சைவக் கல்வி இயக்கத்தின் வித்தாகும்.

1869-ஆம் ஆண்டுத் திருப்பம்

1870-ஆம் ஆண்டில் அவ்வாசல் திறந்தமைக்குக் காரணம் ஒரு விதி மாற்றமே. மோர்கன் தலைமையில் அமைந்த குழு 1867-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின் பயனாக, 1869-ஆம் ஆண்டில் மத்திய பாடசாலை ஆணைக்குழு ஒழிந்து பொதுப் போதனைப் பகுதி தோன்றியது. எழுத்து, வாசிப்பு, கணக்கு முதலிய உலகியற் பாடங்களுக்கு மட்டுமே அரசாங்கம் பணம் கொடுக்கும். பாடசாலையிற் போதிக்கப்படும் சமயம் யாதென வினவாது என்பதே புதிய நன்கொடை முறையின் அடிப்படை. வித்தியாதரிசி ஆண்டுதோறும் வந்து பிள்ளைகளைச் சோதிப்பார். சித்தியடைந்தோர் தொகைக்கேற்பப் பணம் கிடைக்கும்.

பெறுபேற்றின்படி பணம் கொடுக்கும் இம்முறையிற் குறைகள் பல. சோதனை நாளை முன்னிட்டே ஆண்டு முழுவதும் போதனை நடந்தது. மந்த புத்தியுள்ள பிள்ளை ஆசிரியருக்கு நட்டக் கணக்காயிற்று. நோயோ மழையோ அந்த ஒரு நாளிற் பிள்ளைகளை மறித்தால் ஓராண்டு உழைப்பின் பலனே குறைந்தது. பின்னர் இம்முறை கைவிடப்பட்டமை வியப்பன்று. எனினும் அதன் பெருமை ஒன்றை மறத்தலாகாது: பணத்தைச் சமயத்தினின்றும் பிரித்தமையால் சைவருக்கும் பௌத்தருக்கும் இஸ்லாமியருக்கும் நன்கொடை பெறும் உரிமை, ஏட்டளவிலாவது, முதன்முறையாகக் கிட்டியது.

கால்மைல் விதி

ஏட்டிற் கிடைத்த உரிமை நிலத்தில் வேறு தடையைச் சந்தித்தது. 1880-களில் கோப்பித் தோட்டங்கள் இலைநோயால் அழிந்து, அரசாங்க வருவாய் வீழ்ந்தது. சிக்கனம் கருதிய அரசாங்கம் தான் நடத்திய ஆங்கிலப் பாடசாலைகள் பலவற்றைக் கைவிட்டு, அப்பணியைத் தனியாரிடம் விடுத்தது. அதே காலத்திற் சமயச் சங்கங்கள் விழித்தெழுந்தன. 1880-ஆம் ஆண்டிற் பௌத்த பிரமஞான சங்கமும் 1888-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துச் சைவ பரிபாலன சபையும் தோன்றின. 1889-ஆம் ஆண்டில் இந்துசாதனம் பத்திரிகை வெளிவரலாயிற்று. 1890-ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் இந்து உயர்தர பாடசாலை சபையின் ஆதரவில் நடைபெறத் தொடங்கி, பின்னர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாய் வளர்ந்தது.

இவ்வெழுச்சியின் நடுவே, 1890-களின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்ததே கால்மைல் விதி. நன்கொடை பெறும் பாடசாலையொன்றிலிருந்து கால்மைல் தூரத்துக்குள் எழும் புதிய பாடசாலைக்கு நன்கொடை இல்லை என்பது அதன் சாரம். ஒரே ஊரில் இரு பாடசாலைகளுக்குப் பணம் விரயமாதல் தகாது என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். நியாயம் பொதுவாய்த் தோன்றினும் பயன் பொதுவாய் இருக்கவில்லை. குடிசனம் செறிந்த இடங்களில் முன்னரே பாடசாலை நிறுவியிருந்தோர் மிஷனரிமார். பின்வந்தோர் சைவரும் பௌத்தரும். ஆகவே விதியிற் சமயத்தின் பெயர் இல்லாதபோதும், அது யாரைத் தடுத்தது என்பதில் எவருக்கும் ஐயமிருக்கவில்லை. ஊரின் நடுவே கோயிலுக்கு அணித்தாய்ப் பாடசாலை எழுப்ப விரும்பிய சைவர் நன்கொடையை இழத்தல் வேண்டும். அல்லது பிள்ளைகள் நடந்து செல்ல இயலாத ஒதுக்கிடத்தை நாடுதல் வேண்டும்.

இத்தடைகளுக்கிடையே சைவக் கல்வி வளர்ந்தமைக்குச் சங்க முயற்சியே காரணம். 1923-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சைவ வித்தியா விருத்திச் சங்கம், இந்து போட் இராசரத்தினம் என மக்களால் அழைக்கப்பட்ட சு. இராசரத்தினம் அவர்களின் அயரா உழைப்பினால், கிராமந்தோறும் பாடசாலைகளை எழுப்பியது. அதன் பொறுப்பில் நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகள் இயங்கலாயின. கிழக்கில் சுவாமி விபுலாநந்தரும் இராமகிருஷ்ண மிஷனும் இப்பணியை மேற்கொண்டனர். நன்கொடை விதிகளை நன்கு கற்று, அவ்விதிகளுக்குள் நின்றே உரிமையைப் பெறும் ஆற்றல் சமூகத்துக்கு இக்காலத்தில் வாய்த்தது.

சம ஆசனம்

ஆயின் அரசாங்க நிபந்தனை என்றும் தீங்கே செய்தது என்று கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வாங்கில் அமர அனுமதிக்கப்படவில்லை. சில இடங்களில் நிலத்திலும், சில இடங்களில் வகுப்பறைக்கு வெளியிலும் இருந்தே அவர்கள் பாடங் கேட்டனர். நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளித்தல் வேண்டும் என்று 1930-ஆம் ஆண்டளவில் வித்தியாபகுதி பணித்தது. உயர்சாதியினர் எனப்பட்டோரிற் பலர் இதனை எதிர்த்தனர், விண்ணப்பங்கள் எழுந்தன, பாடசாலைகள் சில தீக்கிரையாயின. எனினும் கட்டளை பின்வாங்கப்படவில்லை. அரசாங்க நிபந்தனைக்கு எதிராக நீதி கேட்டுப் போராடிய சமூகம், தன் அகத்தேயிருந்த அநீதியை விலக்க அதே நிபந்தனையின் துணையை வேண்டி நின்றது. இவ்வுண்மையைச் சைவக் கல்வி வரலாறு எழுதுவோர் மறைத்தல் ஆகாது.

நன்கொடை முறையின் இன்னொரு குறை இதனினும் ஆழமானது. கேட்பாரும் கட்டுவாரும் உள்ள இடத்துக்கே நன்கொடை சென்றது. செல்வரும் சங்கமும் இல்லாத ஊருக்கு விதி எதனையும் மறுக்கவில்லை, கொடுக்கவும் இல்லை. மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளே இதற்குச் சான்று. 1907-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளின் கல்விப் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின் மேல் விதித்தது. கொழுந்து பறிக்கும் கைகளையே வேண்டிய நிருவாகம் பிள்ளைகளைப் படிப்பிப்பதில் எவ்வளவு ஆர்வங் கொள்ளும் என்பது சொல்லாமலே விளங்கும். அப்பாடசாலைகளை அரசாங்கம் கட்டங் கட்டமாகப் பொறுப்பேற்றது 1970-களின் பிற்பகுதியிலிருந்துதான்.

இலவசக் கல்வியும் திட்டமும்

நன்கொடைக்குப் பதிலாகத் திட்டம் என்னும் எண்ணம் தெளிவுற வெளிப்பட்டது கன்னங்கரா காலத்திலாகும். டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931-ஆம் ஆண்டிலிருந்து 1947-ஆம் ஆண்டுவரை கல்வி மந்திரியாயிருந்த அவர் தலைமையில் அமைந்த விசேட குழுவின் அறிக்கை 1943-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி, தாய்மொழி மூலம் ஆரம்பக் கல்வி, கிராமப்புறங்களில் மத்திய பாடசாலைகள் என்பன அதன் முக்கிய கூறுகள். 1945-ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் சோதனை வழியாக ஏழை விவசாயியின் பிள்ளை மத்திய பாடசாலை விடுதியில் தங்கிக் கற்கும் வாய்ப்புப் பெற்றது. அத்தகைய பாடசாலைகள் ஐம்பத்துநான்கு எழுந்தன.

இத்திட்டத்தின் பின்னரும் உதவிபெறும் பாடசாலைகள் தொடர்ந்தன. ஆசிரியர் சம்பளம் திறைசேரியிலிருந்து வந்தது. நியமனமும் நீக்கமும் முகாமைக்காரர் கையில் இருந்தன. பணம் கொடுப்பவர் ஒருவர், ஆள்பவர் வேறொருவர் என்னும் இவ்விரட்டை நிலை நெடுங்காலம் நில்லாது என்பது எதிர்பார்க்கத்தக்கதே. 1960-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சட்டம் உதவிபெறும் பாடசாலைகளின் முகாமையை வித்தியாதிபதியிடம் ஒப்படைத்தது. 1961-ஆம் ஆண்டின் 8-ஆம் இலக்கச் சட்டம் அவற்றின் ஆதனங்களையும் அரசுடைமையாக்க வழிசெய்தது. தனித்து நிற்கத் துணிந்த சில உயர்தர பாடசாலைகளுக்கு அரசாங்க உதவியுமில்லை. மாணவரிடம் கட்டணம் பெறும் உரிமையுமில்லை.

ஆசிரியர் பலருக்கு இம்மாற்றம் முகாமைக்காரரின் விருப்பு வெறுப்பினின்றும் விடுதலையாயிற்று. பின்தங்கிய ஊர்களுக்கு நம்பிக்கையாயிற்று. அதேவேளை, காணி கொடுத்தும் கட்டடம் எழுப்பியும் பாடசாலையைத் தம் பிள்ளைபோற் பேணிய ஊரவர் ஒரே நாளில் அயலவராயினர். இழப்பும் பேறும் ஒரே சட்டத்தில் அடங்கியிருந்தன.

உயர்கல்வியும் இடப் பற்றாக்குறையும்

உயர்கல்வியின் கதை இதனின் வேறுபட்டது. 1906-ஆம் ஆண்டில் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தின் தலைவராய்ச் சேர் பொன்னம்பலம் அருணாசலம் இயக்கம் நடத்தினார். 1921-ஆம் ஆண்டில் பல்கலைக்கழகக் கல்லூரியும் 1942-ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகமும் தோன்றின. ஜெனிங்ஸ் அதன் முதலாவது உபவேந்தர். ஆயிரத்துக்குக் குறைந்த மாணவரோடு தொடங்கி 1952-ஆம் ஆண்டிற் பேராதனைக்குப் பெயர்ந்த அப்பல்கலைக்கழகம், சிறு தொகையினருக்கு விடுதியோடு கூடிய உயர்தரக் கல்வி வழங்குதலையே இலட்சியமாய்க் கொண்டது. கீழே கதவை அகலத் திறந்த நாடு மேலே கதவை விரிக்கத் திட்டமிடவில்லை. இலவசக் கல்வியிற் பயின்ற தலைமுறை வாயிலில் வந்து நின்றபோது நெரிசல் ஏற்பட்டது. 1960-களின் நடுவிற் பல்கலைக்கழக மாணவர் தொகை பதினாயிரத்தைத் தாண்டியது. எனினும் விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல் ஆகியவற்றுக்குரிய இடங்கள் அவ்வாறு பெருகவில்லை. இடத்தைப் பெருக்குதற்குப் பதிலாகப் பங்கிடும் வழியை நாடியதன் விளைவே 1970-களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல். அது தமிழ் மாணவர் உள்ளத்தில் ஏற்படுத்திய காயம் நாட்டின் அரசியலிலும் படிந்தது.

முடிவு

சேர் பொன்னம்பலம் இராமநாதன் தம் சொந்தப் பொருளைக்கொண்டு 1921-ஆம் ஆண்டில் திருநெல்வேலியில் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் வளவிலேயே 1974-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தொடங்கிற்று. மத்திய பாடசாலை இயக்கத்தின் பயனாய் எழுந்த வந்தாறுமூலைப் பாடசாலையின் வளவிலே 1981-ஆம் ஆண்டில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, 1986-ஆம் ஆண்டிற் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. முன்னையது ஒருவரின் தருமம். பின்னையது அரசாங்கத்தின் திட்டம். இரண்டும் ஈற்றில் ஒரே பயனைத் தந்தன.

1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பல்கலைக்கழகங்களுக்குப் பொருள் பகிரும் நிறுவனத்துக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு என்று பெயர். மானியம் என்னும் சொல் இவ்வாறு மீண்டும் வந்தது. அதனோடு நிபந்தனையும் வந்தது. நிபந்தனையின்றிப் பொதுப் பணம் வழங்குதல் எந்த அரசுக்கும் இயலாது, இயலவும் கூடாது. அந்நிபந்தனை முன்வந்தவனைக் காத்துப் பின்வந்தவனைத் தடுக்கும் கால்மைல் விதியா, அன்றி வெளியே நின்ற பிள்ளையை உள்ளே அழைத்து வாங்கில் இருத்திய சம ஆசன விதியா என்பதே ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்து விதியை நோக்கிக் கேட்கவேண்டிய வினா. இருபத்திரண்டு ஆண்டு வாசலில் காத்து நின்ற வித்தியாசாலையின் வழிவந்த சமூகத்துக்கு அவ்வினாவைப் பிறர் பொருட்டும் கேட்கும் கடமை உண்டு.