கடல்கட்டியும் கோடு போட்ட உடையும்

சிலாபத்துறை, அரிப்பு, மரிச்சுக்கட்டி என்று தொடங்கினாலே நமது பேச்சு முத்தில்தான் போய் நிற்கும். கீழே இறங்கியவனின் பயத்தைப் பற்றி நாம் பேசுவது குறைவு. கல்லில் காலை வைத்து ஒரே மூச்சில் அடிக்குப் போகிறவனுக்குச் சுறா எந்தப் பக்கத்தால் வரும் என்று தெரியாது.

அதற்கென்றே 'கடல்கட்டி' என்று ஒருவர் இருந்தார். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுபவர். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கடலுக்கு வந்த மார்க்கோ போலோ, எடுப்பதில் இருபதில் ஒரு பங்கு இவர்களுக்குப் போனது என்கிறார். இரவில் மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்களாம். களவாக முத்தெடுக்க யாரும் இறங்கக் கூடாதல்லவா? கெட்டிக்காரர்கள்தான்!

ஆங்கிலேய அரசாங்கமும் சம்பளம் கொடுத்து ஒரு கடல்கட்டியை வைத்திருந்தது. எமர்சன் டெனன்ட் 1859இல் எழுதியபோது அந்தப் பரம்பரையின் தலைவர் ஒரு கத்தோலிக்கர். சுழியோடிகள் அவருடைய மதத்தைப் பார்க்கவில்லை. அவர் இல்லாமல் இறங்கவும் இல்லை. சுறாவால் விபத்து நடந்தது மிக அரிது. நூற்றுக்கணக்கான படகுகளின் இரைச்சலே சுறாவை விரட்டியிருக்கும் என்பது நமது எண்ணம். மந்திரம் கட்டியது மனிதனின் பயத்தைத்தான்.

இன்று அதே பயத்துக்குச் சுறாவின் கண்ணில் மருந்து தேடுகிறார்கள். பல சுறாக்களுக்கு நிறம் பிரித்தறிய முடியாது என்பதை அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2011இல் காட்டினார்கள். வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடுதான் அவற்றுக்கு முக்கியம். 2013இல் மேற்கு அவுஸ்திரேலியாவில் இரண்டு வகை நீச்சலுடைகள் விற்பனைக்கு வந்தன. ஒன்று நீரோடு கலந்து ஆளை மறைக்கும் நீல வடிவம். மற்றது 'என்னைத் தின்னாதே' என்று சொல்வதுபோல் கறுப்பு வெள்ளைப் பட்டை. கடற்பாம்பின் உடலிலும் இப்படிப் பட்டை உண்டு. ஆனால் புலிச்சுறா கடற்பாம்பையே பிடித்துத் தின்னும்! ஆகவே பட்டையை மட்டும் நம்பி இறங்கச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

2024இல் வெளியான ஒரு சோதனை இன்னும் உறுதியானது. தென்னாபிரிக்காவின் மொசல் பே கடலில், சீல் வடிவப் பொம்மைகளின் அடியில் எல்ஈடி விளக்குகள் பூட்டிப் படகில் இழுத்தார்கள். வெள்ளைச் சுறா கீழிருந்து மேலே பார்த்துத்தான் பாயும். வானத்துக்கு எதிரே தெரியும் கரிய நிழலே அதற்கு அடையாளம். விளக்கு அந்த நிழலை உடைத்தது. பொம்மை போகும் திசைக்குக் குறுக்காக இருந்த வெளிச்சப் பட்டைகள், நீளவாக்கில் இருந்தவற்றைவிட நன்றாக வேலை செய்தன.

நமது பிள்ளைகள் இன்றும் சங்குக்கும் கடலட்டைக்கும் சுழியோடுகிறார்கள். இப்படியொரு உடையை யாராவது விற்க வந்தால், எந்தச் சுறாவிடம் சோதித்தது என்று முதலில் கேளுங்கள். மொசல் பேயில் சோதித்தது வெள்ளைச் சுறாவிடம் மட்டும்தான்.