பெட்டி சொல்லும் ஆண்டு

காரைக்குடியில் முனீசுவரன் கோயில் தெரு, பழம்பொருள் கடைகளுக்குப் பேர்போன தெரு. செட்டிநாட்டு மாளிகைகளை விட்டு இறங்கி வந்த தேக்குத் தூண்களும், பித்தளை அண்டாக்களும், பீங்கான் சாடிகளும், எனாமல் தூக்குகளும் அங்கே அடுக்கிக் கிடக்கின்றன. தோழர்களே! அங்கே செல்ல நேர்ந்தால் தூணைத் தட்டிப் பார்க்க வேண்டா. அண்டாவைத் தூக்கிப் பார்க்க வேண்டா. கண்ணாடி உடைந்து, சட்டம் கழன்று, செல்லரித்துக் கிடக்கும் பழைய புகைப்படங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வாங்க வருவோர் பெரும்பாலும் சட்டத்துக்குத்தான் விலை பேசுவர். படத்திலே இருப்பவர் யார் என்று கேட்பாரில்லை.

இரயிலடியில் எடுத்த படமொன்று கையில் அகப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். நடுவே மாலையும் கழுத்துமாக ஒரு பெரியவர். சுற்றிலும் உற்றார் உறவினர். பின்னால் ஒரு புகைவண்டிப் பெட்டி, பாதி தெரிகிறது. ஓரத்திலே மூட்டை சுமந்தபடி இரண்டொருவர் — இடுப்பில் முழங்காலளவு துணி, மேலே ஒன்றுமில்லை. படத்தின் முதுகில், ‘ஐயா கொண்டுவிக்கப் போனபோது, காரைக்குடி, 1922’ என்று எழுதியிருக்கிறது. நகரத்தார் கடல் கடந்து வாணிபம் செய்யப் போவதைக் கொண்டுவிக்கப் போதல் என்பர். எழுதியவர் பொய்யரல்லர், வீட்டார் சொன்னதை எழுதினார். சொன்னதைச் சோதிக்காமல் எழுதியதுதான் குறை. ஏனெனில், 1922இல் காரைக்குடியில் இரயிலடியே இல்லை!

மதுரையிலிருந்து மண்டபம் வரை இருப்புப்பாதை 1902இல் திறக்கப்பட்டது; மானாமதுரை அன்றே இரயிலைக் கண்டுவிட்டது. வடகிழக்கே, மாயவரத்திலிருந்து இறங்கிய பாதை 1903இல் அறந்தாங்கியை எட்டி, அங்கேயே படுத்துக்கொண்டது. காரைக்குடியைத் தொட அதற்கு 1952 ஆயிற்று. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929இலும், அங்கிருந்து காரைக்குடி வழியாக மானாமதுரைக்கு 1930இலும்தான் வண்டி ஓடிற்று. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டிக்கடை வைத்துச் செல்வம் குவித்த சீமை, அதுவரை மாட்டுவண்டியிலும் மோட்டாரிலும் இரயிலடி தேடி அலைந்தது. காந்தியார் 1927 செப்டம்பரில் செட்டிநாட்டில் கதர் நிதி திரட்டினார். அவர் காரைக்குடி நிலையத்தில் மூன்றாம் வகுப்புப் பெட்டியிலிருந்து இறங்கிய காட்சி என்று எவரேனும் ஒரு படத்தை நீட்டினால், கைகூப்ப வேண்டா. கணக்கைக் காட்டினால் போதும்.

இடத்தின் கணக்கு இது. இனிப் பெட்டியின் கணக்கு.

முதலில் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். செட்டிநாட்டுப் பாதை மீட்டர் பாதை. இரு தண்டவாளங்களுக்கும் இடையே ஒரு மீட்டர். அகலப்பாதையோ 1676 மில்லி மீட்டர். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் காரைக்குடிக்கு அகலப்பாதை வந்தது. ஆகவே, மாலையும் குடுமியும் கடுக்கனுமாக நிற்கும் பழைய மனிதருக்குப் பின்னால் அகலப்பாதைப் பெட்டி நின்றால், அது காரைக்குடியாக இருக்க வழியில்லை. எங்கோ வேற்றூரில் எடுத்த படம் அது.

அடுத்து, பெட்டியின் உடம்பில் எழுதிய எழுத்து. ஆங்கிலத்தில் எஸ்.ஐ.ஆர். என்றிருந்தால் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய இரயில்வே. அது மதராஸ் தென்மராட்டா இரயில்வேயோடும் மைசூர் இரயில்வேயோடும் சேர்ந்து தென்னக இரயில்வே ஆனது 1951 ஏப்ரல் 14இல். ஆனால் அன்று விடிந்ததும் எல்லாப் பெட்டியின் எழுத்தையும் எவரும் அழித்துவிடவில்லை. மறுபூச்சுக்குப் பட்டறைக்குப் போகும் வரை பழைய பெயரோடேயே ஓடிய பெட்டி இருக்கும். எனவே பழைய எழுத்தைக் கண்டவுடன் 1951க்கு முன் என்று அடித்துச் சொல்லக்கூடாது. புதிய எழுத்தைக் கண்டால் 1951க்குப் பின் என்று அடித்துச் சொல்லலாம்.

வகுப்பைக் காட்டும் ரோம எண்ணிலோ இன்னும் பெரிய கண்ணி இருக்கிறது. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, இடை வகுப்பு, மூன்றாம் வகுப்பு என நான்கு படிகள் அந்நாளில். இந்த இரயில் வருணாசிரமத்துக்கு 1955இல் ஒரு மாறுதல் வந்தது: பழைய முதல் வகுப்பு ஒழிந்தது, இரண்டாம் வகுப்பு முதல் வகுப்பாயிற்று, இடை வகுப்பு இரண்டாம் வகுப்பாயிற்று, மூன்றாம் வகுப்பு மூன்றாம் வகுப்பாகவே கிடந்தது! அதன் பெயர் ஒழிந்தது 1974இல். ஆக, கதவருகே இரண்டு கோடு கண்டால், அது மெத்தை போட்ட பழைய இரண்டாம் வகுப்பா, பதவி உயர்ந்த இடை வகுப்பா, பெயர் மாறிய மூன்றாம் வகுப்பா என்று மூன்று கேள்வி எழும். சன்னல்தான் விடை தரும். சன்னல்கள் நெருங்கி, உள்ளே பலகை இருக்கையின் முதுகு வரிசையாகத் தெரிந்தால் ஏழைகளின் பெட்டி. சன்னல் அகன்று, இடைவெளி விட்டு இருந்தால் பணம் படைத்தோர் பெட்டி.

கூரையும் அடித்தளமும் பேசும். கூரைமேல் குமிழ் குமிழாக மூடிகள் நின்றால் எண்ணெய் விளக்கோ வாயு விளக்கோ எரிந்த காலம். அடியில் நீண்ட உருளை தொங்கினால் அது வாயுக் கலம். சக்கர அச்சிலிருந்து வார் பூட்டிச் சுழலும் டைனமோவும் மின்கலப் பேழையும் தெரிந்தால் மின்விளக்கு வந்துவிட்டது. நான்கே சக்கரம் கொண்ட குட்டைப் பெட்டி பழைய தலைமுறை. இரு முனையிலும் போகி பூட்டிய நீண்ட பெட்டி பிந்திய தலைமுறை. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது: நல்ல மரப்பெட்டி நாற்பதாண்டும் ஓடும். பெட்டியின் வடிவம், ‘இந்த ஆண்டுக்கு முன் எடுத்த படமல்ல’ என்று மட்டுமே சொல்லும். பின் எல்லையைச் சொல்ல எழுத்தும் பலகையும் வேண்டும்.

நிறத்தை நம்பவே கூடாது. பழைய தகடுகள் சிவப்பொளியை உணராதவை. அவற்றில் சிவப்புப் பெட்டி கருப்பாகப் பதியும். நீலம் வெளுத்துப் பதியும். சிவப்பும் கருப்பும் ஒன்றாகிவிடுகின்றன — அரசியல் பேசவில்லை, வேதியியல் பேசுகிறேன்!

பெட்டியின் பிறப்பிடத்தையும் ஒரு சொல்லில் கடந்துவிட முடியவில்லை. தென்னிந்திய இரயில்வேயின் பட்டறை முதலில் நாகப்பட்டினத்தில் இருந்தது. 1928இல் திருச்சிப் பொன்மலையில் பெரிய பட்டறை எழுந்தது. ஆட்குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ததும் அதே 1928இல்தான். சிங்காரவேலர் சிறை சென்றதும் அதற்காகத்தான். செட்டிநாட்டுப் பாதை திறக்கும்போது, அதில் ஓடிய பெட்டிகளைப் பழுதுபார்த்த கைகளில் பல அந்தப் போராட்டத்தைக் கண்ட கைகள். படத்தில் பெட்டியின் பித்தளைக் கைப்பிடி மின்னுகிறதே, அதைத் துலக்கியவன் படத்தில் இல்லை.

இந்தப் பாதை திறந்தபின், சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன ‘போட் மெயில்’ காரைக்குடி வழியே ஓடிற்று. பாம்பன் பாலம் 1914இல் திறந்திருந்தது; தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கலாம். ஒரே வண்டி. முன்னே, கொழும்பில் கடை வைத்திருப்பவர் மெத்தையில். பின்னே, தேயிலைத் தோட்டத்துக்குக் கங்காணி திரட்டிய கூட்டம் பலகையில். மண்டபத்தில் பிந்தியவரை இறக்கி, நோய் உண்டா என்று முகாமில் நிறுத்திவைத்துப் பிறகே கடலேற விட்டனர். செட்டிநாட்டு ஆல்பங்களில் முன்பாதி வண்டியே நிறைந்திருக்கிறது. பயணிகள் கட்டணத்தில் பெரும்பங்கைக் கொடுத்த பின்பாதிக்கு நிழற்படக்காரனை அழைக்கப் பணம் ஏது?

நிலையத்தின் பலகைகளையும் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். கைப்பேசியிலே பெரிதாக்கிப் பார்ப்பது இன்னும் எளிது. சிற்றுண்டிச் சாலை வாயிலில் ‘பிராமணாள்’ என்றும் ‘இதராள்’ என்றும் இருவேறு பலகை தெரிகிறதா? பெரியாரும் தோழர்களும் நடத்திய கிளர்ச்சியின் விளைவாக அந்தப் பிரிவினை 1941இல் இரயில் நிலையங்களிலிருந்து ஒழிந்தது. படம் அதற்கு முந்தியது என்று எழுதிக்கொள்ளலாம். வேடிக்கை பாருங்கள்: ஒரே பலகையில் தோளோடு தோள் உரசி வந்தவர்கள், காப்பி குடிக்க இறங்கியவுடன் இரண்டு சாதியானார்கள். ஊர்ப் பெயர்ப் பலகையிலே இந்தி எழுத்தும் அதன்மேல் தார் வழிந்த கறையும் தெரிந்தால் 1952 ஆகஸ்ட் 1ஆம் நாளின் அழிப்புப் போரை நினைத்துக்கொள்ளுங்கள்; அப்படிப்பட்ட படம் அதற்கு முந்தியதாக இருப்பது அரிது.

இத்தனை ஆராய்ச்சி எதற்கு? பெட்டிக்கு ஆண்டு கண்டு யாருக்கு என்ன பயன்? கேட்க வேண்டிய கேள்விதான். படத்தின் ஓரத்துக்குத் திரும்புவோம்.

முழங்காலளவு துணியோடு, மேலாடை இன்றி, மூட்டை சுமந்து நிற்கிறாரே, அவர். ‘அந்தக் காலத்து எளிமை’ என்று பேரப்பிள்ளைகள் பெருமூச்சு விடக்கூடும். அன்று காரைக்குடி இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அதே மாவட்டத்தில், இரயில் வந்த அதே 1930இன் டிசம்பரில், ஆதிதிராவிடர்மீது ஆதிக்கச் சாதியார் எட்டுத் தடைகளை விதித்தனர். பொன் வெள்ளி நகை கூடாது. ஆடவர் முழங்காலுக்குக் கீழோ இடுப்புக்கு மேலோ துணி அணியக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. முடியை வெட்டிக்கொள்ளக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் இரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மூடக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, கால்நடைகள் பறிபோயின. அடுத்த ஆண்டில் எட்டு பதினொன்றாயிற்று; பிள்ளைகளைப் படிக்க வைக்கக் கூடாது என்பதும் அதில் சேர்ந்தது. நாத்திகர் கட்டிய கதையன்று இது. 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் தம் நூலில் பதித்துவைத்த செய்தி.

இப்போது ஆண்டு முக்கியமாகிறது அல்லவா! படம் 1922 என்று நம்பினால், அந்த மேனி ஏதோ ஒரு பழங்காலத்து வழக்கம். பெட்டியைப் பார்த்து, அது 1930க்குப் பின் என்று நிறுவினால், அந்த மேனியின்மீது ஒரு தடையாணை இருந்திருக்கலாம் என்ற ஐயம் எழுகிறது. இருந்தே தீரும் என்று நான் சாதிக்கவில்லை. வறுமையும் வெயிலும் சட்டையைக் கழற்றவைக்கும். ஆயினும் கேட்டாக வேண்டிய கேள்வியைக் கேட்க வைப்பது பெட்டிதான். பக்கத்திலே சட்டையும் செருப்பும் அணிந்த ஒரு கூலியாள் நின்றால், அது இன்னும் பெரிய செய்தி. ஊருக்குள் தடுத்ததை இரயிலடியில் ஒருவன் அணிந்து நின்றிருக்கிறான்.

தனுஷ்கோடி நிலையத்துப் படங்களுக்கு மட்டும் இவ்வளவு பாடு வேண்டா. 1964 டிசம்பர் 22 இரவுப் புயல், பாம்பனிலிருந்து சென்ற பயணி வண்டியைப் பயணிகளோடு கடலில் அமிழ்த்தி, நிலையத்தையும் அழித்தது. அங்கே பெட்டி நிற்கும் படம் எதுவாயினும் அதற்கு முந்தியதே.

வீட்டில் இத்தகைய படம் இருந்தால், முன்புறத்தோடு பின்புறத்தையும் நகலெடுங்கள். மையினால் எதையும் புதிதாக எழுத வேண்டா. மென்மையான பென்சில் போதும். பொன்மலைப் பட்டறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற முதியவர் எவரேனும் அருகில் இருந்தால் அவரிடம் காட்டுங்கள். நாம் ஒரு நாள் தேடுவதை அவர் ஒரு பார்வையில் சொல்லக்கூடும். நகலெடுக்கும் கடைக்காரர், சட்டத்துக்கு அளவாக இருக்கட்டும் என்று ஓரத்தை வெட்டிவிட்டு, மாலையணிந்தவரை மட்டும் பெரிதாக்கித் தருவார். வெட்ட வேண்டா என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.