அசம்பாவிதமும் லேசான தடியடியும்: எல்லைப் பூசலில் எளியோர் துயரைப் பத்திரிகை எழுதும் விதம்

‘அசம்பாவிதம்’ என்னும் வடசொல்லின் நேர்ப்பொருள், நிகழுமென்று எண்ணவும் ஒண்ணாதது என்பதாகும். ஆயினும் நம் பத்திரிகைகளில் அச்சொல் வரும் இடங்களை நோக்கினால், யாவரும் எதிர்பார்த்ததும், சிலர் முன்னின்று நடத்தியதும், செய்தவர் இன்னார் என்று சொல்லப் பத்திரிகை விரும்பாததுமான ஒரு காரியத்தையே அது பெரும்பாலும் குறிக்கக் காண்கிறோம். 2011 டிசம்பரில், முல்லைப் பெரியாறு அணையை முன்னிட்டுத் தமிழகத்தின் தேனி, கேரளத்தின் இடுக்கி மாவட்டங்களின் எல்லையில் மூண்ட பூசலைப் பற்றிய செய்திகளில் இச்சொல்லும், இதன் உறவினங்களாகிய ‘பதற்றம் நிலவியது’, ‘பரபரப்பு ஏற்பட்டது’, ‘லேசான தடியடி’ என்பனவும் மலிந்திருந்தன. (தடியடியில் லேசானது எது என்பதை அடி வாங்கியவரிடம் கேட்டு எழுதிய நிருபரை நான் அறியேன்.)

வழக்கின் வரலாறு ஈண்டு விரிவாக வேண்டுவதில்லை. 1886-இல் 999 ஆண்டுக் குத்தகை. 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை. அதன் நீரால் விளையும் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலம். அணை வலுவிழந்தது என்ற அச்சத்தால் 1979-இல் 136 அடிக்குக் குறைக்கப்பட்ட நீர்மட்டம். அதனை 142 அடிக்கு உயர்த்தலாம் என 2006-இல் உச்ச நீதிமன்றம் அளித்த அனுமதி. 2011-இல் இடுக்கியில் உணரப்பட்ட சிறு நில அதிர்வுகளும், அவ்வாண்டு நவம்பரில் வெளியான ஓர் அணை உடைப்புத் திரைப்படமும் பழைய அச்சத்தை மீண்டும் கிளறிவிட்டன.

பூசல் யார் தலையில் விடிந்தது என்பதே நம் ஆராய்ச்சிக்கு உரியது. கூடலூர், கம்பம், தேவாரம், போடி ஆகிய ஊர்களிலிருந்து விடியுமுன் புறப்படும் ஜீப்புகளில், மடியில் தூக்குவாளியும் தோளில் குளிருக்கு ஒரு பழந்துணியுமாக, ஒருவர் முழங்கால் மற்றவர் முதுகில் இடிக்க நெருங்கி அமர்ந்து, குமுளி மலைப்பாதை, கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கச் செல்லும் பெண்களுக்கு, நீர்மட்டம் 136 அடியா 142 அடியா என்பது அன்றாடம் எழும் வினாவன்று. டிசம்பரோ காய் எடுப்பு முடியாத காலம். அம்மாதத்தில் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் தாக்கப்பட்டனர். குடும்பங்கள் மலைப்பாதைகளில் நடந்து தேனி மாவட்டத்துக்குள் இறங்கின. சபரிமலை யாத்திரிகரின் வண்டிகள் தாக்குண்டன. இப்பக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் குமுளியை நோக்கித் திரண்டு சென்றனர். 144 தடையுத்தரவு வந்தது. கேரளத்தார்க்கு உரிமையான கடைகளும் தோட்டங்களும் தாக்கப்பட்டன. சாலை அடைபட்டது. ஜீப்புகள் நின்றன.

இவற்றுள் தொழிலாளரும் யாத்திரிகரின் வண்டிகளும் தாக்கப்பட்டது தமிழ்ப் பத்திரிகைகளில் ‘தாக்கினர்’ என்னும் செய்வினையாலும், கேரளத்தாரின் கடைகளும் தோட்டங்களும் தாக்கப்பட்டது ‘சேதமடைந்தன’ என்னும் வினையாலும் எழுதப்படுவதே நம் வழக்கமான இலக்கணம். கண்ணாடி தானே உடைந்தது போலவும் கடை தானே எரிந்தது போலவும் இவ்வினை பேசுகிறது. எல்லைக்கு அப்பால் இதே இலக்கணம் தலைகீழாக வழங்கும். அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றிலும் சப்பாத்திலும் இரவில் உறங்காது கிடந்தவரின் அச்சத்தை, அணை பாதுகாப்பானது என்று வாதிடும் நாம், அரசியல்வாதி புனைந்த கற்பனை என்று தள்ளிவிட்டோம். அணை உடையாது என்பது பொறியியல் முடிவு. அதன் கீழ் வாழ்பவர் அஞ்சினர் என்பது செய்தி. முன்னதை நிலைநாட்டப் பின்னதை மறைக்க வேண்டிய நிர்ப்பந்தம் எதுவும் இல்லை என்பது என் துணிபு.

பழந்தமிழ்ப் புறத்துறைகளுள் கொற்றவள்ளை என்று ஒன்றுண்டு. பகைவர் நாடு எரியுண்டு பாழாவதற்கு இரங்கிப் பாடும் இத்துறை, அவ்விரக்கத்தையே வென்ற வேந்தன் புகழுக்கு அணியாக்கிவிடுகிறது. இன்றைய பத்திரிகை தன்னவர் துயருக்கே இரங்குகிறது. எனினும் அவ்விரக்கமும் ஒரு கட்சியின் ஆயுதமாகும்போது, துயருற்றவர் இரண்டாம் முறையாகவும் பயன்படுத்தப்படுகிறார். புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில் நெட்டிமையார், முதுகுடுமிப் பெருவழுதி அம்பு தொடுக்குமுன் பெண்டிரும் பிணியுடையாரும் உள்ளிட்டோர் தத்தம் அரணை அடையுமாறு அறிவிப்பதை அறநெறியாகப் பாராட்டுகிறார். அறிவிப்பின் அறமெல்லாம் அடைதற்கு ஓர் அரண் உண்டா என்பதில் அடங்கியிருக்கிறது. 2009 ஜனவரியில், இலங்கைப் போரின்போது, வன்னியில் அறிவிக்கப்பட்ட பாதுகாப்பு வலயத்துக்குள் புகுந்தவரும் எறிகணைக்கு இரையாயினர். இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேரைப் பலிகொண்டு 251 பேரைப் பணயக் கைதிகளாக்கிய ஹமாஸ் தாக்குதல் நடந்து ஒரு வாரம் ஆகுமுன், 2023 அக்டோபர் 13-இல், வட காசாவின் ஏறக்குறைய 11 லட்சம் ஜனங்கள் தெற்கே செல்லுமாறு இஸ்ரேல் இராணுவம் பணித்தது. தெற்கும் குண்டுவீச்சுக்குத் தப்பவில்லை. அளவால் இவற்றோடு கம்பம் பள்ளத்தாக்கின் பூசலை வைத்தெண்ணுவது தகாது. ஒப்புமை எழுத்தின் முறையில் மட்டுமே உள்ளது: எச்சரித்த செய்தியை அச்சிடுவது எளிது; எச்சரிக்கப்பட்டவர் போய்ச் சேர்ந்த இடத்தைச் சென்று பார்ப்பதே நிருபரின் தொழில்.

அத்தொழிலைச் செய்ய விடாமல் கதவடைப்பது போரிடும் அரசுகளின் வழக்கம். வன்னிக்குள் சுதந்திரமான பத்திரிகையாளர் அனுமதிக்கப்படவில்லை. இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் பின்னோக்கிக் கணக்கிட வேண்டியதாயிற்று. போரில் பொதுமக்கள் நடத்தப்பட்ட விதத்தைப் பற்றி எழுதியமைக்காகப் பத்திரிகையாளர் ஜே. எஸ். திசைநாயகத்துக்குக் கொழும்பு நீதிமன்றம் 2009 ஆகஸ்டில் 20 ஆண்டுக் கடுங்காவல் விதித்தது. பின்னர் அவர் மன்னிக்கப்பட்டார். காசாவிலும் அயல்நாட்டு நிருபர்க்கு இராணுவத்தின் துணையின்றி நுழைவில்லை என்றாயிற்று. ஆகவே எழுதும் பாரம் அங்கேயே வீடும் குழந்தைகளும் உடைய உள்ளூரார் மேல் விழுந்தது. அவர்கள் பாரபட்சமுடையவர் என்பாருக்கு ஒன்று சொல்லலாம்: சொந்த வீடு இடிந்தவனுடைய சாட்சியம் ஆராயப்பட வேண்டியதே, ஆனால் வேறு சாட்சி வராதபடி கதவை அடைத்தவருக்கு அதை ஐயுறும் தகுதி குறைவு.

நமக்கோ எந்த இராணுவமும் கதவடைக்கவில்லை. கம்பத்திலிருந்து குமுளிக்கு ஒரு மணி நேரப் பயணங்கூட இல்லை. 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் 142 அடியை உறுதிசெய்தது; அதற்கு முன்பே ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிட்டன. அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் ஆகியவற்றை நம் பத்திரிகைகள் இன்றும் தவறாது அச்சிடுகின்றன. 2011 டிசம்பரில் நின்றுபோன கூலி எவ்வளவு என்ற கணக்கை, இரு மொழிப் பத்திரிகைகளிலும் நான் தேடிய அளவில், யாரும் அச்சிட்டிலர்.