பழைய வீட்டைக் கொடுத்துப் புது வீடு: இங்கிலாந்தின் 'செயின்' கதை

பழைய நகையைக் கொடுத்துட்டு, மேல காசு கட்டிப் புது நகை எடுக்கிறது நமக்குப் பழகின விஷயம். பழைய ஃப்ரிட்ஜ், பழைய ஸ்கூட்டர் வரைக்கும் கூட சரி. குடியிருக்கிற வீட்டையே பில்டர்கிட்ட கொடுத்துட்டு, அவர் கட்டின புது வீட்டுக்குப் போனா? இங்கிலாந்துல இது ரொம்ப சாதாரணம். பேரு 'பார்ட் எக்ஸ்சேஞ்ச்'. முதல்ல கேள்விப்பட்டப்போ வெறும் விற்பனைத் தந்திரம்னுதான் நினைச்சேன். படிக்கப் படிக்கத்தான், இது அந்த நாட்டு சட்டத்துல இருக்கிற ஒரு ஓட்டையில முளைச்ச வியாபாரம்னு புரிஞ்சுது.

ஓட்டை என்னன்னு பார்ப்போம். நிலம், வீடு விற்பனை எழுத்துல இருக்கணும்னு இங்கிலாந்துல 1677லயே சட்டம் வந்தது. அதுக்கு மேல, 'ஒப்பந்தத்துக்கு உட்பட்டது'ன்னு ஒரு வரி எழுதிட்டா, விலை பேசி முடிச்சிருந்தாலும் அது யாரையும் கட்டுப்படுத்தாதுன்னு 1877ல 'வின் எதிர் புல்' வழக்குல தீர்ப்பு வந்தது. அதனால விலை பேசின நாளுக்கும், ஒப்பந்தம் கைமாறுற நாளுக்கும் நடுவுல வாரக்கணக்கா, சில சமயம் மாசக்கணக்கா ஒரு இடைவெளி. அதுக்குள்ள யார் வேணும்னாலும் விலகலாம். கூட விலை தர இன்னொருத்தர் வந்தா, விற்கிறவர் அந்தப் பக்கம் சாய்ஞ்சிடலாம். இதுக்குன்னே 'கஸம்பிங்'னு ஒரு வார்த்தை வெச்சிருக்காங்க.

ஒரே ஒரு வீடுன்னா சமாளிச்சிடலாம். பெரும்பாலானவங்க பழைய வீட்டை விற்ற காசுலதான் அடுத்த வீட்டை வாங்குறாங்க. உங்க வீட்டை வாங்குறவருக்கும் அதே நிலைமை. அவர் வீட்டை வாங்குறவருக்கும் அதே. இப்படி அஞ்சாறு குடும்பம் ஒண்ணை ஒண்ணு பிடிச்சிட்டு நிக்கும். அதுதான் 'செயின்'. கடைசியில நிக்கிறவருக்கு லோன் கிடைக்கலைன்னா, அவர் முகத்தையே பார்க்காத ஒருத்தரோட வீடு கைவிட்டுப் போகும்.

டேட்டாபேஸ்ல வேலை பார்க்கிறவங்களுக்கு இது பழகின தலைவலி. எல்லா சர்வரும் 'நான் ரெடி'ன்னு சொன்னாத்தான் ஒண்ணா கமிட் பண்ண முடியும். ஒண்ணு பின்வாங்கினா எல்லாமே ரோல்பேக். அங்க அந்த சர்வர்கள் வக்கீல்கள்! ஒரே நாள்ல வரிசையா ஒருத்தருக்கொருத்தர் போன் போட்டு ஒப்பந்தத்தை மாத்திக்கிறாங்க. இப்படி போன்ல மாத்திக்கிறது செல்லும்னு 1980ல 'டாம்ப் எதிர் ஐசோஸ்' வழக்குல மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏத்துக்கிச்சு.

அப்போ 1677ல இருந்து இருக்கிற ஓட்டை ஏன் இருபதாம் நூற்றாண்டுல மட்டும் பெரிய பிரச்சினை ஆச்சு? முதல் உலகப் போர் வரைக்கும் அங்க பெரும்பாலானவங்க வாடகைக்குத்தான் இருந்தாங்க. 1930கள்ல லட்சக்கணக்குல புது வீடு கட்டினப்போ வாங்கினவங்க நிறைய பேர் வாடகை வீட்டுல இருந்து வந்தவங்க. விற்க வீடே இல்லாதவங்களுக்கு ஏது செயின்? 1970களின் தொடக்கத்துல இங்கிலாந்துல பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் சொந்த வீட்டுக்காரங்க. இப்போ பில்டரோட ஆபீஸுக்கு வர்றவர், ஏற்கெனவே ஒரு வீட்டுல மாட்டியிருக்கிறவர். இவர் பழைய வீடு விற்கிற வரைக்கும் புது வீடு சும்மா கிடக்கும், பில்டருக்கு வங்கி வட்டி ஓடும்.

கார் கம்பெனிகளுக்கு இதே சிக்கல் 1920கள்லயே வந்தது. முதல் கார் வாங்குறவங்க குறைஞ்சு, ரெண்டாவது கார் வாங்குறவங்க கூடினப்போ பழைய காரை எடுத்துக்கிறதுதான் வழியாச்சு. ஜெனரல் மோட்டார்ஸைப் பெரிசாக்கின ஆல்ஃபிரட் ஸ்லோன், கார் சந்தையையே மாத்தின நாலு விஷயங்கள்ல ஒண்ணா இதைச் சொல்றார்.

வீட்டுல இதைப் பெரிய அளவுல செஞ்சு பேர் வாங்கினது பாரட் கம்பெனி. 1958ல நியூகாசில்ல லாரி பாரட் ஆரம்பிச்சது. படிப்பால அவர் ஒரு கணக்காளர். ஹெலிகாப்டர்ல நடிகர் பேட்ரிக் ஆலன் வந்து இறங்குற டிவி விளம்பரம், பழைய வீட்டை நாங்களே எடுத்துக்கிறோம்ங்கிற வாக்குறுதி, இதெல்லாம் சேர்ந்து 1980களின் தொடக்கத்துல நாட்டோட மிகப்பெரிய வீடு கட்டும் கம்பெனி ஆச்சு. மார்கரெட் தாட்சர் கூட டல்லிச்சுல ஒரு பாரட் வீடு வாங்கினார்.

இதுல காசு எங்க ஒளிஞ்சிருக்குன்னு ஒரு கற்பனைக் கணக்குல பார்ப்போம். உங்க வீடு சந்தையில 2,00,000 பவுண்ட் போகும். பில்டர் 1,90,000 தர்றார். புது வீட்டு விலை 3,00,000. நீங்க மேல கட்டுறது 1,10,000. இதே ஆளு தானே வீட்டை வித்துட்டு, ரொக்கத்தோட போய் பேரம் பேசினா புது வீடு 2,90,000க்கு வரலாம். அப்போ மேல கட்டுறது 90,000தான். ஏஜென்ட் கமிஷன் போனாலும் பெரிய வித்தியாசம். 'முழு சந்தை விலை தர்றோம்'னு விளம்பரம் பண்றவர், புது வீட்டு விலையில பேரத்தை மூடிடுவார். நகைக்கடையில பழைய தங்கத்துக்கு நல்ல விலை போட்டுட்டு சேதாரத்துல பிடிக்கிற அதே வேலை! அதனால ரெண்டு விலையையும் தனித்தனியா பார்த்து சந்தோஷப்படக் கூடாது. நடுவுல இருக்கிற வித்தியாசம் மட்டும்தான் உண்மை.

ஆனா பில்டரை வில்லனாக்கவும் முடியாது. ரிஸ்க் நிஜமாவே அவர் தோளுக்கு மாறுது. 1988 மே மாசம் 7.5 சதவீதமா இருந்த வட்டி, 1989 அக்டோபர்ல 15 சதவீதம். வீட்டு விலை சரியுது. விற்காத புது வீடுகளோட, எடுத்து வெச்ச பழைய வீடுகளும் கைக்குள்ளயே விலை இறங்குது. 1991ல பாரட் நஷ்டத்துல விழுந்து, ஓய்வுல இருந்த லாரி பாரட்டையே திரும்பக் கூப்பிட வேண்டியதாச்சு. காரணம் பல. ஆனா சந்தை சரியும்போது மத்தவங்க வீட்டைக் கைல வெச்சிருக்கிறது எவ்வளவு கனம்னு அப்போ தெரிஞ்சுது.

அரசாங்கமும் பிறகு இதுக்கு வழி விட்டுச்சு. வீடு வாங்கினா முத்திரை வரி கட்டணும். பில்டர் பழைய வீட்டை வாங்கும்போது கட்டி, அடுத்தவர் வாங்கும்போது அவரும் கட்டினா கணக்கு உதைக்கும். அதனால 2003 நிதிச் சட்டத்துல பில்டருக்கு விலக்கு இருக்கு. அவர்கிட்ட புது வீடு வாங்குறவரோட பழைய வீடா இருக்கணும், அதுல அவரே குடியிருந்திருக்கணும். செயின் அறுந்தப்போ நடுவுல புகுந்து வீட்டை வாங்குற வியாபாரிகளுக்கும் இதே மாதிரி ஒரு விலக்கு உண்டு. ஓட்டையை அடைக்கலை, அடைக்கிறவங்களுக்கு வரி குறைச்சாங்க.

பக்கத்துல ஸ்காட்லாந்துல வக்கீல்கள் கடிதம் மாத்திக்கிட்டு முன்கூட்டியே பேச்சைக் கட்டிப் போட்டுடுறாங்க. அந்தக் கதை அடுத்த எபிசோட்ல.